காரணம் கேட்ட வழக்கு

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்றொரு நகரம் உண்டு. புகையிலைத் தொழிலால் வளர்ந்தது. அந்நகரின் வீட்டுவசதிக் கழகம் கட்டிய அரசுக் குடியிருப்புகளுள் ஒன்றான மக்டூகல்ட் டெரசில், 1964 நவம்பரில் ஜாய்ஸ் தார்ப் என்னும் கருப்பினப் பெண்மணி குடியேறினார். மாத வாடகை ஒப்பந்தம்; பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தந்து எத்தரப்பும் அதனை முடித்துக்கொள்ளலாம்.

1965 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியிருப்போர் கூடி, அவரைத் தம் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். மறுநாளே வீட்டைக் காலி செய்யுமாறு அறிவிப்பு வந்தது! காரணம் ஒரு சொல்லும் இல்லை. அம்மையார் கேட்டார், கழகம் வாய் திறக்கவில்லை. கீழ் நீதிமன்றம் முதல் மாநில உச்ச நீதிமன்றம் வரை, காரணம் சொல்லத் தேவையில்லை என்றே தீர்ப்புகள் வந்தன. ஆயினும் அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. கருப்பின மக்களின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தைச் சார்ந்த வழக்கறிஞர்கள் துணை நிற்க, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

அதற்கிடையே 1967 பிப்ரவரியில், வெளியேற்றுமுன் காரணத்தைச் சொல்லி, மறுமொழி கூறவும் வாய்ப்பளிக்க வேண்டுமென நடுவண் வீட்டுவசதித் துறை சுற்றறிக்கை விடுத்தது. அது தார்ப் அம்மையாருக்கும் பொருந்தும் என்று 1969 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. சங்கத் தலைமைதான் காரணமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. இது சிலருக்கு ஏமாற்றமாகத் தோன்றலாம். எனினும், கிடைத்தது சிறிதன்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளின்றித் தாமே மன்றத்தில் நின்று வாதாடும் ஏழைக்கு முதலில் வேண்டுவது யாது? குற்றச்சாட்டு இன்னதெனத் தெரிவதே. தெரியாத ஒன்றை எவ்வளவு நாவன்மை உள்ளவரும் மறுத்துரைக்க இயலாது.

நம் நாட்டிலும், நடுவண் அரசின் கட்டடங்களுக்குரிய 1971ஆம் ஆண்டுப் பொது வளாகங்கள் சட்டம், வெளியேற்றும் அறிவிப்பில் காரணம் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. அலுவலரின் ஆணை பாதகமாயின் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குரிய காலம் பன்னிரண்டே நாள். கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர் வரட்டும் என்று காத்திருப்பவர்க்கு அந்நாட்கள் எளிதில் ஓடிவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் அக்கடிதத்தை அன்றே வாங்கிப் படித்து, காரணம் எழுதப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்கட்டும்.