திரையில் ஔவை: ஒரு வரலாற்று நோக்கு

புலவர் ஒருவர்தம் வாழ்க்கையைத் திரைப்படமாக்கப் புகும் இயக்குநர்க்கு முதற்கண் எழும் வினா, 'அப்புலவர் யார்?' என்பதாகும். ஔவையாரைப் பொறுத்தவரை இவ்வினா எளிதன்று. எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் 1953 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஔவையார்' என்னும் படத்தை இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு ஆவர். அவர் இவ்வினாவிற்குக் கண்ட விடை யாது, அவ்விடையால் நாம் பெற்றதும் இழந்ததும் யாவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

சங்கத்தொகை நூல்களில் ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன. அவை புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என அமைந்துள்ளன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நூல்களின் மொழிநடையும் பொருளும் அவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டன என்பதைத் தெளிவாக்கும். மூதுரையும் நல்வழியும் பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்குகின்றன. சங்கப் பாடல்களிலோ பிள்ளையார் வழிபாடு பேசப்படவில்லை. எனவே, ஔவை என்னும் பெயர் காலத்தால் வேறுபட்ட புலவர் ஒருவர்க்கு மேற்பட்டோரைக் குறிப்பது என்பதில் ஐயமில்லை.

திரைப்படமோ இவர்கள் அனைவரையும் ஒருவராக்கிற்று. மணவாழ்க்கையை விரும்பாத இளம்பெண் பிள்ளையாரை வேண்டி முதுமை பெறுகிறாள். ஊர்தோறும் நடந்து நீதி புகட்டுகிறாள். பாரிமகளிர்க்குத் துணை நிற்கிறாள். அவள் பிள்ளையாரை நோக்கிப் பாட, யானைக் கூட்டம் வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சி, அப்படத்தின் உச்சமாகப் பலராலும் நினைவுகூரப்படுவது.

இக்கலப்பை இயக்குநரின் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. பாரிமகளிர் செய்தி ஒன்றே இதனை விளக்கப் போதும். தந்தையை இழந்த அம்மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்று, விச்சிக்கோவையும் இருங்கோவேளையும் மணந்துகொள்ள வேண்டியதைப் புறநானூற்றின் 200, 201, 202 ஆம் பாடல்கள் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் காலத்துத் (985–1014) திருக்கோவலூர்க் கல்வெட்டு, கபிலர் பாரியின் மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் எனக் கூறுகின்றது. அதுகாறும் இச்செயல் கபிலர்க்கே உரியதாய் நின்றது. பிற்காலக் கதைகளிலோ மகளிர் அங்கவை, சங்கவை எனப் பெயர் பெற்றனர். மணம் முடித்து வைத்தவர் ஔவையார் ஆயினார். மக்கள் உள்ளத்தில் ஓங்கிய ஒரு பெயர், அடுத்திருந்தோர் செயல்களையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. சுப்பு கதையைப் புனைந்தாரல்லர். பன்னூறு ஆண்டுகளாகத் திரண்டு வந்த கதையைக் கைக்கொண்டார் என்பதே உண்மை.

அவர் அங்ஙனம் செய்தமைக்கு அவர்தம் கலைப்பயிற்சியும் காரணமாகும். 'காந்தி மகான் கதை'யை வில்லுப்பாட்டாக அமைத்தவர் அவர். நாட்டார் வழக்கில் தோய்ந்தவர். பழக்கமான கதையைக் கேட்போர் எதிர்பார்க்குமாறு சொல்லி, அதில் புத்துணர்வு ஊட்டுவதே அக்கலையின் இயல்பு. 1935 இல் நந்தனாராகத் திரையில் நடித்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் இந்நோக்கத்திற்குப் பெருந்துணையாயிற்று. பின்னர் ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) ஆகியவற்றிலும் அவரே ஔவையாக வந்தார். தமிழர் பலர்க்கு ஔவையின் முகமும் குரலும் சுந்தராம்பாளுடையனவே ஆயின.

பெற்றது இஃது. இனி இழந்தது யாது எனக் காண்போம்.

புறநானூறு காட்டும் ஔவை துறவியல்லள். அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் பாடிப் பரிசில் பெற்ற புலவர், அவனோடு கள்ளுண்டு மகிழ்ந்ததை அவன் இறந்தபின் நினைந்து இரங்குபவர் (புறம். 235). பகைவேந்தன் வினவியதைக் கூறும் 89 ஆம் பாட்டு அவரை அணிகலன் பூண்ட விறலியாகவே காட்டும். முதுமையின் சாயலும் ஆண்டு இல்லை. அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன்தன் படைக்கலங்கள் புதுமை குன்றாதிருப்பதையும், அஞ்சியின் படைக்கலங்கள் போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டு, புகழ்வதுபோல் இகழ்ந்தவர் (புறம். 95). அவர்தம் வலிமை சொல்லில் இருந்தது. கோட்டை தகர்க்க அவர்க்கு யானைகள் வேண்டியதில்லை. கதை ஔவையின் வலிமையோ தெய்வ அருளில் உள்ளது. ஒரு பெண் அரசவையில் அஞ்சாது பேசவேண்டுமாயின், அவள் முதலில் இளமையையும் இல்லற விருப்பையும் துறத்தல் வேண்டும் என்று பிற்காலச் சமுதாயம் விதித்தது. அவ்விதியே திரையில் முதுமைக் கோலமாய் வந்து நின்றது.

புறநானூறு உ. வே. சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்த ஆண்டு 1894. படம் வெளிவருதற்கு 59 ஆண்டுகட்கு முன்பே சங்க ஔவை அச்சில் இருந்தார். ஆயினும் ஏட்டிலிருந்து மீட்கப்பட்ட அப்புலவர் மக்கள் நெஞ்சில் இடம்பெற்றிலர். இதற்கு இயக்குநரை மட்டும் பொறுப்பாக்குதல் முறையாகாது. புலமையுலகம் தான் கண்ட ஔவையைத் தன் எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றதில்லை. கலைஞன் மக்கள் அறிந்ததையே எடுத்தாள்வான். மக்கள் அறியவேண்டுவதை அறியச் செய்தல் ஆய்வாளர் கடமை. அக்கடமை நிறைவேறிய பின்னரே, ஔவையை மீண்டும் திரைக்குக் கொண்டுவரும் இயக்குநரிடம், 'நீவிர் காட்டுவது எந்த ஔவை?' என்று வினவும் உரிமை நமக்கு உண்டாகும்.