வீட்டு சைடர் புளிக்குதா? இனிப்பும் பழ வாசமும் வர என்ன செய்யலாம்?

செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் இங்கிலாந்தில் பல வீட்டு வாசல்களில் அட்டைப்பெட்டி நிறைய ஆப்பிள் இருக்கும். 'இலவசம், எடுத்துக்கோங்க' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருப்பார்கள். படிக்கவோ வேலைக்கோ அங்கே போயிருக்கும் நீங்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு கேன் சைடர் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு மாதம் காத்திருந்து முதல் வாய் குடித்ததும் முகம் சுளித்தும் இருக்கலாம். 'ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருக்கும்னு பார்த்தா, வினிகருக்குத் தம்பி மாதிரி இருக்கே!'

(தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே வீட்டில் மது தயாரிப்பது, 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இது அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கான கட்டுரை.)

முதலில் மூக்கை நம்புங்கள். உண்மையிலேயே வினிகர் நெடி அடித்தால், காற்று புகுந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைச் சர்க்கரை போட்டுச் சரிசெய்ய முடியாது. நெடி இல்லாமல் வெறும் புளிப்பும் வறட்சியும் மட்டும்தான் என்றால், எதுவும் கெடவில்லை. ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைக் கிட்டத்தட்ட முழுசாகத் தின்று, ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாற்றிவிடும். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் மட்டும் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். இத்தனை நாள் சர்க்கரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த புளிப்பு இப்போது வெளியே தெரிகிறது. அவ்வளவுதான்.

'சரி, சர்க்கரையைக் கொட்டி பாட்டிலை மூடிடலாமே' என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்! உள்ளே ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரையை அது தின்றாலே, பாட்டிலில் இருக்கும் சைடரின் கொள்ளளவுக்குச் சமமான வாயு உருவாகும். பீரில் இருக்கும் வாயு சுமார் இரண்டரை மடங்கு. தடித்த கண்ணாடியில் வரும் ஷாம்பெயினில் ஏறக்குறைய 6 மடங்கு. நீங்கள் இனிப்புக்காக லிட்டருக்கு 40 கிராம் போட்டால் கணக்கு 10 மடங்குக்குப் போகும். சாதாரண பாட்டில் தாங்காது. அலமாரியில் இருந்தபடியே வெடித்து, கண்ணாடிச் சில்லு தெறிக்கும். கையில் எடுக்கும் நேரத்தில் வெடித்தால் கண்ணே போகலாம்.

'ஃப்ரிட்ஜில் வெச்சா ஈஸ்ட் அடங்கிடுமே?' அடங்கும், சாகாது. தோசை மாவு மாதிரிதான். உள்ளே இருக்கும்வரை சும்மா இருக்கும், வெளியே எடுத்து வைத்தால் பொங்க ஆரம்பித்துவிடும்.

பொங்காத இனிப்பு

சர்க்கரை சேர்ப்பதற்கு முன் ஈஸ்ட்டின் வேலையை முடித்துவிட வேண்டும். சைடரை நன்றாகத் தெளியவிட்டு, அடி வண்டலை விட்டு மேலே இருப்பதை மட்டும் வேறு கேனுக்கு மாற்றுங்கள். ஹைட்ரோமீட்டரில் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, 1.000 அல்லது அதற்குக் கீழே ஒரே அளவு காட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு பொட்டாசியம் சார்பேட், கேம்ப்டன் மாத்திரை இரண்டையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால்தான் தெளியாத சைடரில் அது பலிக்காது. மாத்திரை இல்லாமல் சார்பேட்டை மட்டும் போட்டால், சில பாக்டீரியாக்கள் அதை மாற்றி ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற நாற்றத்தைக் கொண்டுவந்துவிடும். கேம்ப்டன் மாத்திரையில் இருப்பது சல்ஃபைட். ஆஸ்துமா உள்ள நண்பருக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

ஓரிரு நாள் கழித்து இனிப்பு சேர்க்கலாம். மொத்தமாகக் கொட்டாமல், 100 மில்லி வீதம் மூன்று டம்ளரில் எடுத்து 2, 3, 4 கிராம் சர்க்கரை கலந்து குடித்துப் பாருங்கள். எது பிடிக்கிறதோ, அந்தக் கணக்கை மொத்தத்துக்கும் பெருக்கிக்கொள்ளலாம். என் ஓட்டு வெறும் சர்க்கரைக்கு இல்லை, ஆப்பிள் ஜூஸ் கான்சென்ட்ரேட்டுக்குத்தான். இனிப்போடு, தொலைந்துபோன ஆப்பிள் சுவையும் கொஞ்சம் திரும்பி வரும்.

இதில் நுரை வராது. இனிப்பும் வேணும், பொங்கவும் வேணும் என்றால் சார்பேட்டை விட்டுவிட்டு, ஈஸ்ட் தின்ன முடியாத எரித்ரிடால் போன்ற இனிப்பூட்டியைப் போடுங்கள். நுரைக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். அதில் ஒரு பங்கை சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து வையுங்கள். அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி ஆனதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடலாம்.

நார்மண்டிக்காரர்கள் இந்தப் பொடி எதுவும் இல்லாமலே இனிப்பைக் காப்பாற்றுகிறார்கள். சாற்றில் இருக்கும் பெக்டின் ஜெல்லி போலத் திரண்டு மேலே மிதக்கும். அதோடு ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்தும் போய்விடும். நடுவில் இருக்கும் தெளிந்த சாற்றை மட்டும் பிரித்தெடுத்தால், பட்டினி கிடக்கும் ஈஸ்ட் மிக மெதுவாக நொதிக்கவைத்து, பாதியிலேயே ஓய்ந்துபோகும். அழகான முறைதான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம்.

பழ வாசம் எங்கே போச்சு?

பெரும்பாலும் வாயுவோடு பறந்துபோயிருக்கும். வெதுவெதுப்பான அறையில் வேகமாகப் பொங்கினால் வாசமும் சேர்ந்தே கிளம்பிவிடும். 12 முதல் 16 டிகிரி செல்சியஸில், மெதுவாக நொதிக்க விடுங்கள். இங்கிலாந்தின் இலையுதிர்காலத்தில் ஹீட்டர் போடாத ஒரு அறையே போதும். ஷாம்பெயின் ஈஸ்ட் எல்லாவற்றையும் வறட்டித் தள்ளும். '71பி' என்ற ஒயின் ஈஸ்ட் பழ வாசத்தைத் தருவதோடு, மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியையும் தின்று புளிப்பைக் குறைக்கும்.

ஆப்பிளும் முக்கியம். காலா மாதிரி சாப்பிடும் ஆப்பிள் மட்டும் போட்டால் சைடர் தண்ணியாக இருக்கும். கொஞ்சம் பிராம்லி சேர்த்தால் புளிப்பு கிடைக்கும். டாபினெட் போன்ற துவர்ப்பு ரகம் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

ராஸ்பெர்ரி, வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரி எல்லாம் சேர்க்கலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம். பொங்கல் அடங்கிய பிறகு, ஃப்ரீஸரில் வைத்து எடுத்த பழத்தை நாலரை லிட்டருக்கு அரைக் கிலோ போட்டு, ஒன்றிரண்டு வாரம் ஊறவிடுங்கள். உறைந்த பழத்தின் செல்கள் உடைந்திருப்பதால் சாறு சுலபமாக இறங்கும். பழத்தின் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்னும் என்பதால் நிறமும் வாசமும்தான் மிஞ்சும். அது தின்று முடித்து, ஹைட்ரோமீட்டர் மறுபடி அசையாமல் நின்ற பிறகு சார்பேட்டைக் கையில் எடுங்கள்.