பொதுப் பனுவலும் நடைவிதியும்: நெல்லைச் சீமையில் விவிலியத் திருத்தம் (1820–1871)

முன்னுரை

பலர் கூடி உருவாக்கும் பனுவலுக்கு நடைவிதி வகுக்கும் உரிமை யாருடையது என்னும் வினா கணினிக் காலத்தில் பிறந்ததன்று. பைத்தான் நிரல்மொழிக்கு 2001இல் எழுதப்பெற்ற ‘பெப் 8’ என்னும் நடைக்கையேடு இடைவெளி, பெயரிடல், வரியின் நீளம் ஆகியவற்றுக்கு விதி கூறுகிறது. ஆயினும், அவ்விதியைப் பின்பற்றுவதற்காகவே முந்தைய நிரல்களோடுள்ள இயைபைக் குலைக்கலாகாது என்றும் அது வரையறுக்கிறது. இதனையொத்த விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் விவிலியத் திருத்தத்தில் நிகழ்ந்தது. அதில் நெல்லைச் சீமைக்குரிய பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரேனியசின் கோட்பாடு

1814இல் சென்னைக்கு வந்த ரேனியஸ், 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றினார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்றவர். அன்று வழக்கிலிருந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் பெப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு. அது மூலத்தைச் சொல்லுக்குச் சொல் தழுவியது. மூலத்தின் சொல்லமைப்பினும் தமிழின் இயல்பான மரபே முதன்மை பெறவேண்டும் என்பது ரேனியசின் நிலைப்பாடு. இதனை விளக்கி 1827இல் மொழிபெயர்ப்புக் கோட்பாடு குறித்துத் தனிநூலே வெளியிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. தெளிவு கூடியது என ஒரு சாராரும், மூலத்தினின்று விலகியது என மறு சாராரும் கருதினர்.

குழுவின் தீர்வு

பின்னர் ஹென்றி பவர் தலைமையில் அமைந்த திருத்தக் குழுவில் இடையன்குடிக் கால்டுவெல்லும் பங்கேற்றார். இக்குழு பெப்ரிசியசின் பாடத்தையே அடிப்படையாகக் கொண்டு, ரேனியஸ் முதலியோரின் பாடங்களைத் துணையாக்கியது. வழிபாட்டில் ஓதப்பட்டுச் செவிவழியே மனத்தில் பதிந்த பாடத்தை மாற்றுவதால் விளையும் இழப்பை நோக்க, இம்முடிவு விளங்கும். எனினும் தொடர்ச்சியே முழுவிதியாகவில்லை. பெப்ரிசியஸ் ஆண்ட ‘பராபரன்’ என்னும் இறைப்பெயர், 1871இல் முழுமையாக வெளிவந்த திருப்புதலில் ‘தேவன்’ என மாறியது. லுத்தரன் திருச்சபையினரோ பெப்ரிசியசின் பாடத்தையே நெடுங்காலம் போற்றினர். நிரலாளர் வழக்கில் கூறின், பொதுப் பனுவலினின்று ஒரு கிளை பிரிந்து நின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, நடைவிதி பற்றிய விவாதம் அழகு பற்றியது மட்டுமன்று. பொதுப் பனுவலை மாற்றும் அதிகாரம் பற்றியதுமாகும். மற்றொன்று, குழு வகுத்த விதியை ஏற்பதும் மறுப்பதும் இறுதியில் பயன்படுத்துவோர் கையிலேயே உள்ளன. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘கடவுள்’ என்னும் சொல்லை ஏற்ற பின்னரும், ‘தேவன்’ வழங்கும் 1871ஆம் ஆண்டு மரபுப் பாடம் இன்றளவும் வழிபாட்டில் வாழ்வது இதற்குச் சான்று. எனவே தமிழ் உரைநடை வரலாற்றை ஆய்வோர், தனி ஆசிரியர்களின் நடையோடு, குழுக்கள் வகுத்த விதிகளையும் அவற்றை ஏலாதோரின் தெரிவுகளையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.