நான்காவது மணி நேரம்

பல்கலைக்கழகத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் போதும் என்று யார் கணக்கிட்டார்கள்? வலிக்காத, நடுங்காத, நிற்காமல் எழுதக்கூடிய ஒரு கையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. வகுப்பறையின் படிக்கட்டு, மேசையின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம் எல்லாமே அப்படிப்பட்ட ஓர் உடலுக்காகத்தான் அமைந்திருக்கின்றன. அந்த உடலே இயல்பானது, மற்றவை குறைபட்டவை என்ற நம்பிக்கையைத்தான் ஏபிலிசம் என்கிறோம்.

எனக்கு மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில் போய் வரலாறு படித்தேன். நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, தேர்வுகளை முடித்தேன். "உனக்குத்தான் சலுகை இருக்கே" என்பது நான் அதிகம் கேட்ட வாக்கியம். அந்தச் சலுகைக்கும் ஒரு வரலாறு உண்டு.

1890களில் பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித், காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்கள் பள்ளி நடத்தினார்கள். வீட்டு மூலையில் கிடந்த பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது பெரிய காரியம். ஆனால் நமக்கென்று தனிப்பள்ளி இருக்கிறது என்பதையே காரணமாக்கி, பொதுப்பள்ளிகள் தங்கள் வாசலை மாற்றாமலே இருந்துவிட்டன. கல்வி நமக்கு அறமாக வந்தது, உரிமையாக வரவில்லை.

உரிமை என்ற பேச்சு சட்டத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்வி நிலையங்களில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அதை 5 விழுக்காடாக்கியது. நம் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்றும் சொன்னது. இடையில், 2013இல், மத்திய அரசு தேர்வுகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம் தர வேண்டும், சொல்வதை எழுதுபவருக்குக் கல்வித் தகுதி வரம்பு கூடாது என்றது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்காவது மணி நேரம் கிடைத்தது இப்படித்தான்.

2018இல் புதிய நெறிகள் வந்தன. நாமே ஒருவரை அழைத்து வந்தால், அவர் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றன. எழுதுபவர் நமக்குப் பதில் சொல்லிக்கொடுத்துவிடுவாரோ என்ற சந்தேகம் இந்த விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வரலாறே படிக்காத ஒரு பிள்ளைக்கு 'ரயத்துவாரி' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். கொடுத்த 20 நிமிடம் எங்கே போகிறது என்று தெரியும்.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது: 40 விழுக்காடு ஊனம் என்ற அளவு இடஒதுக்கீட்டுக்கானது; எழுதுபவரைக் கேட்பதற்கு அதை நிபந்தனையாக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. எழுதுவதில் சிரமமுள்ள ஒரு மாணவி நீட் தேர்வில் தனக்குரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கேட்டாள், தரவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவள் விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். இழைக்கப்பட்டது அநீதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைச் சரிசெய்ய வழி காணும்படி தேர்வு முகமைக்குச் சொன்னது. மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை. உரிமை தாளில் இருந்தும் ஒரு கண்காணிப்பாளரின் கையில் அது சலுகையாகிவிடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த வரலாற்றில் பெண்களின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊனமுற்ற ஆண்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் எழுத்தறிந்தவர்கள். பெண்களில் 45தான். படிக்கட்டு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாவது பள்ளிக்குக் கொண்டுபோகும் வீடு, பெண் பிள்ளைக்கு "இவள் படித்து என்ன ஆகப்போகிறது" என்கிறது. தூக்க வருபவர் அந்நிய ஆணாக இருப்பாரே என்று அஞ்சுகிறது. கல்லூரியில் அவளால் நுழைய முடிகிற கழிப்பறை இல்லையென்றால் அத்தோடு படிப்பு முடிந்தது. நான் காலையில் தண்ணீர் குடிக்காமல் கல்லூரிக்குப் போன வருடங்கள் உண்டு.

நான் படித்ததற்குக் காரணம் எந்தச் சட்டப் பிரிவும் அல்ல, அம்மா. எனக்காக அவர் தையல் வேலையை விட்டார். மூன்று வருடம் வகுப்பறைக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கல்லூரி செய்ய வேண்டிய ஏற்பாட்டை ஒரு பெண் கூலியில்லாமல் செய்தார்; ஊர் அதைத் தாயன்பு என்று பாராட்டியது. சாய்தளமும் கழிப்பறையும் உதவியாளரும் இருந்திருந்தால் அவர் தன் தையல் இயந்திரத்தின் முன் இருந்திருப்பார்.

ஆகவே பெண் கல்வியைப் பேசும் தோழிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கல்லூரியில் எத்தனை ஊனமுற்ற பெண்கள் சேர்ந்தார்கள் என்று எண்ணும்போது, அவர்களுக்காக எத்தனை அம்மாக்கள் வாசலில் காத்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள். அந்த எண்ணை நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள்.