கல்லில் இல்லாத பெயர்கள்

எந்த அரசுக் கட்டடத்திற்குள் நுழைந்தாலும் வாயிலருகே ஒரு சலவைக்கல் இருக்கும். அடிக்கல் நாட்டியவர், தலைமை தாங்கியவர், திறந்துவைத்தவர் என்று பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் ஒப்பந்தக்காரரின் பெயரும் உண்டு. அவருக்குக் கீழே எவரும் இல்லை. மின்கம்பி இழுத்தவர், குழாய் பதித்தவர், கதவு நிலை பொருத்தியவர் ஆகியோர், நம் பேச்சுவழக்கில் சொன்னால் 'சப் காண்ட்ராக்ட்' எடுத்தவர்கள், கல்லில் ஏறுவதில்லை. பெயர் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம். செய்து முடித்த வேலைக்குப் பணமும் வராமற் போனால் அவர் எங்கே போய் நிற்பார்? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் முக்கியமான ஏடுகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டவை.

தனியார் வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குக் கூலி வராவிட்டால் என்ன வழி? அமெரிக்கச் சட்டம் இதற்குத் தந்த விடை 'மெக்கானிக்ஸ் லீன்' எனப்படும் பற்றுரிமை. தன் உழைப்பும் பொருளும் கலந்துவிட்ட கட்டடத்தின் மேலேயே அவர் உரிமை கோரலாம். கடன் தீராவிட்டால் அந்தக் கட்டடத்தை விற்றுத் தன் பணத்தைப் பெற நீதிமன்றத்தை நாடலாம். இவ்வகைச் சட்டத்தை அந்நாட்டில் முதன்முதலாக 1791இல் இயற்றியது மேரிலாந்து மாநிலம். புதிய தலைநகரமான வாஷிங்டனைக் கட்டி எழுப்பக் கைவினைஞர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஓர் உறுதி தேவைப்பட்டது. தலைநகரைக் கட்டுவதற்கென்று பிறந்த அந்த உரிமை, தலைநகரின் அரசுக் கட்டடங்களுக்கு மட்டும் பொருந்தவில்லை என்பதுதான் இதிலுள்ள முரண்.

காரணம் எளியது. அரசின் சொத்தை எவரும் ஏலத்தில் விட முடியாது. ஒரு தச்சருக்குக் கூலி பாக்கி என்பதற்காக அஞ்சலகத்தையோ சுங்கச்சாவடியையோ விற்கச் சொன்னால் ஊர் என்னாவது? பொதுநலம் கருதிய நியாயம்தான் இது. ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர் தச்சர். அரசு தலைமை ஒப்பந்தக்காரரிடம் பணம் தந்துவிடும். அவர் நொடித்துப்போனால், அல்லது வேறு கடனுக்கு அப்பணத்தைத் திருப்பிவிட்டால், அரசுக்குக் கட்டடம் கிடைத்துவிட்டது; தச்சருக்குத் தொட்டுப் பிடிக்க ஒரு செங்கல்லும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப அமெரிக்க நாடாளுமன்றம் 1894இல் ஹெர்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு வேலை எடுப்பவர் ஒரு பிணைப்பத்திரம் தர வேண்டும். உழைப்பும் பொருளும் தந்தவர்களுக்கு அவர் பணம் தராவிட்டால் பிணை நின்றவர் தர வேண்டும். கட்டடத்தைப் பிடிக்க முடியாதவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தாள் கிடைத்தது எனலாம்.

ஆயினும் அந்தத் தாளில் ஓட்டைகள் இருந்தன. வேலையை முடித்துத் தருவதற்கும் கீழுள்ளவர்களுக்குப் பணம் தருவதற்கும் ஒரே பிணைதான். இரு தரப்பும் ஒரே பானைக்குள் கைவிட்டபோது, 1905இல் செய்த திருத்தத்தின்படி, அரசின் கை முதலில் போயிற்று, மிஞ்சியதே மற்றவர்களுக்கு. மேலும் அரசு தானே வழக்குத் தொடராத நிலையில், வேலை முழுவதும் முடிந்து இறுதிக் கணக்குத் தீர்ந்து ஆறு மாதம் ஆகும் வரை உழைத்தவர் வழக்காட இயலாது. முதல் மாதத்தில் அடித்தளம் தோண்டிக் கொடுத்தவர், கட்டடத்தின் கூரை ஏறி, கணக்கும் முடியும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கி ஆட்களுக்குக் கூலி கொடுத்த சிறு ஒப்பந்தக்காரருக்குக் காலம் என்பது வட்டி. அதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

பெருமந்தக் காலத்தில் அரசே பெரிய வேலையளிப்பவராக மாறிய சூழலில், 1935 ஆகஸ்ட்டில் மில்லர் சட்டம் வந்தது. அது பானையை இரண்டாக்கியது. வேலைக்கு ஒரு பிணை, பணப்பட்டுவாடாவுக்குத் தனியே மற்றொரு பிணை. கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாள்களில் பணம் வராவிட்டால் வழக்குத் தொடரலாம்; முழுக் கட்டடமும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்னர் 1988இல், அரசிடமிருந்து பணம் பெற்ற தலைமை ஒப்பந்தக்காரர் ஏழு நாள்களுக்குள் துணை ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

இந்தக் காப்பும் ஓர் அளவுக்கு மேல் கீழிறங்குவதில்லை. நியூ ஜெர்சி மாநிலத்தின் லிண்டன் என்னும் ஊரில் எழுந்த அரசுக் குடியிருப்புத் திட்டம் ஒன்றின் வழக்கில், 1944இல் உச்சநீதிமன்றம் எல்லையைத் தெளிவாக வரைந்தது. பொருள் விற்பவர் ஒருவருக்குப் பொருள் விற்றவருக்கு இச்சட்டத்தில் இடமில்லை. சங்கிலி எவ்வளவு நீண்டாலும் தலைமை ஒப்பந்தக்காரரின் பொறுப்பு எங்கோ முடிய வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆனால் அந்தப் பொருளும் சுவரில்தான் இருக்கிறது.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே பற்றுரிமையும் இல்லை. அரசு வேலைக்குக் கட்டாயப் பணப்பிணையும் இல்லை. 'எனக்கு வந்தால் உனக்குத் தருவேன்' என்று தலைமை ஒப்பந்தக்காரர்கள் எழுதிவந்த நிபந்தனையை 1996ஆம் ஆண்டின் சட்டம் செல்லாததாக்கியது. ஒரேயொரு விலக்கு மட்டும் வைத்தது: மேலிருந்து பணம் தர வேண்டியவர் நொடித்துப்போயிருந்தால் அந்த நிபந்தனை செல்லும். அதாவது, குடை மழையில்லாத நாளில் விரியும்.

மழை 2018 ஜனவரி 15 அன்று பெய்தது. மருத்துவமனைகள், சாலைகள், பள்ளிகள் என அரசு வேலைகளை ஏராளமாக எடுத்திருந்த காரிலியன் நிறுவனம் அன்று கலைப்புக்குப் போனது. ஏறத்தாழ 700 கோடி பவுண்டு பொறுப்புகள்; கையிருப்பு 2.9 கோடி. நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கைப்படி, வேலை செய்தும் பொருள் தந்தும் வந்த 30,000 பேருக்கு அது வைத்திருந்த பாக்கி ஏறத்தாழ 200 கோடி பவுண்டு. நல்ல நாளிலேயே அதன் வழக்கமான தவணை 120 நாள். காத்திருக்க முடியாதவர் தன் தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முன்னதாகப் பெற்றுக்கொள்ளலாம். இத்தனைக்கும், உரிய காலத்தில் பணம் தருவோம் என்னும் அரசின் நன்னடத்தை விதித்தொகுப்பில் அந்நிறுவனம் கையெழுத்திட்டிருந்தது. பங்குதாரர்களுக்கான ஈவுத்தொகையை மட்டும் ஆண்டுதோறும் உயர்த்தி வந்தது.

கலைப்புக்குப் பின் இன்றியமையாத பணிகள் நிற்காதிருக்க அரசு பணம் ஒதுக்கியது. அந்தப் பணம் ஜனவரி 15க்குப் பின் செய்யும் வேலைக்கு. அதற்கு முன் செய்து முடித்த வேலைக்கு உரிமை கோருவோர் பிணையற்ற கடன்காரர்களின் வரிசையில், கடைசியில், நின்றனர். வேலையில் குறை தோன்றினால் சரிசெய்வதற்கென்று பிடித்துவைத்த பிடித்தப்பணமும் தனிக் கணக்கில் இல்லாததால் நிறுவனத்தோடு மூழ்கியது. அப்பணத்தைத் தனியே பாதுகாக்க வேண்டும் என்று அதே ஜனவரியில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட மசோதா சட்டமாகவில்லை.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று விதித்தது. கூலியாளை நினைத்த நல்ல சட்டம். ஆனால் நான்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தளத்தின் பூச்சு வேலையை எடுத்தவர் அதன் கண்ணில் ஒப்பந்தக்காரராகவே இருந்தார். கொடுக்க வேண்டியவர், பெற வேண்டியவர் அல்லர். அவரும் அந்த நால்வரோடு கரண்டி பிடித்தவர்தான் என்பது எந்தப் படிவத்திலும் எழுதப்படுவதில்லை.

'நாங்கள் கொடுத்துவிட்டோம்' என்பது இவ்வரலாறு நெடுகிலும் அரசுகள் சொல்லிவந்த மறுமொழி. பெரும்பாலும் அது உண்மையும்கூட. கொடுத்த பணம் கடைசிக் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் கொடுப்பதன் பகுதிதான் என்பதை அமெரிக்கா 1894இல் பாதியும் 1935இல் இன்னும் கொஞ்சமும் ஒப்புக்கொண்டது. ஏனையோர் அதைக்கூட முழுதாக ஒப்பவில்லை.

காரிலியன் பாதியில் விட்ட இரு மருத்துவமனைகளில் லிவர்பூலில் உள்ளது 2022இலும், பர்மிங்காம் அருகே ஸ்மெதிக்கில் உள்ளது 2024இலும் நோயாளிகளுக்குத் திறந்தன. 2018க்கு முன் அங்கே கம்பியும் குழாயும் பதித்துப் பணம் பெறாதவர்களின் வேலையும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது.