சான்றுக்கும் ஒரு முகவரி உண்டு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடிதத்தின் அருமை தெரியும். உறையின்மேல் பெயரை மட்டும் எழுதிப் போட்டால் கடிதம் கைக்கு வந்து சேராது. தோட்டத்தின் பெயர் வேண்டும். எந்த டிவிஷன் என்பது வேண்டும். லயத்தின் எண்ணும் வீட்டு எண்ணும் வேண்டும். ஒன்று பிசகினாலும் கடிதம் கிராணியாரின் மேசையிலேயே கிடக்கும். சட்டம் எழுதுவோர் ஒரு சஞ்சிகைக் கட்டுரையைச் சான்று காட்டும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே. எழுதியவர் பெயர், கட்டுரையின் தலைப்பு, ஆண்டு, தொகுதி எண், சஞ்சிகையின் பெயர், பக்க எண் ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் முகவரி முழுமை பெறும். இம்முறை எப்படி வளர்ந்தது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை ஒரு கட்டுரையின் வரலாற்றைக் கொண்டு இன்று காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சட்டச் சஞ்சிகைகள் பெருகத் தொடங்கின. லண்டனில் 1885-ஆம் ஆண்டு ‘லா குவார்ட்டர்லி ரிவியூ’ தோன்றியது. அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் 1887-இல் ‘ஹார்வர்டு லா ரிவியூ’ என்ற இதழைத் தொடங்கினர். அதன் நான்காம் தொகுதியில், 1890 டிசம்பர் 15-ஆம் நாள், 193-ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை தொடங்கியது. அந்தரங்க உரிமையைப் பற்றிய அக்கட்டுரையை எழுதியவர்கள் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இருவர். பாஸ்டன் நகரில் கூட்டாக வழக்கறிஞர் தொழில் நடத்தியவர்கள் இவர்கள். நாளேடுகளும் புதிதாக வந்த கைக் கேமராக்களும் மக்களின் சொந்த வாழ்வில் தலையிடுகின்றன. அதைத் தடுக்கச் சட்டம் துணை செய்ய வேண்டும் என்பதே அவர்களின் வாதம்.

சஞ்சிகையில் வரும் கட்டுரை சட்டமாகாது. அதற்கு நீதிபதி கட்டுப்பட வேண்டியதில்லை. நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவருடைய அனுமதியின்றி மாவு விளம்பரத்தில் அச்சிட்டு, ஏறத்தாழ 25,000 பிரதிகள் பரப்பினர். அவர் தொடுத்த வழக்கில் 1902-ஆம் ஆண்டு அம்மாநில உயர் நீதிபதிகள் இக்கட்டுரையை ஆராய்ந்தனர். ஆனால் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அத்தகைய உரிமை இல்லையென்று கூறிவிட்டனர். மக்களிடையே எழுந்த கண்டனத்தின் பின் 1903-இல் அம்மாநிலச் சட்டமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1905-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓவியர் ஒருவரின் படம் காப்புறுதி விளம்பரத்தில் அனுமதியின்றி வெளிவந்தது. அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதே கட்டுரையை எடுத்துக்காட்டி, அந்தரங்க உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாணவர் இதழில் வந்த கருத்து, இவ்வாறு ஒரு மாநிலத்தின் சட்டமாயிற்று.

இக்கட்டுரையில் நாம் கற்க வேண்டிய மற்றொன்று அதன் அடிக்குறிப்பில் இருக்கிறது. மனிதனைத் தொல்லையின்றித் தனியே இருக்கவிடும் உரிமை என்று பொருள்படும் ஒரு தொடர் அதில் வருகிறது. பிராண்டைஸ் 1916-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1928-இல், தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியபோது அக்கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். அதனால் அத்தொடர் அவருடையதே எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் 1890-ஆம் ஆண்டுக் கட்டுரையின் 195-ஆம் பக்கத்தைப் பாருங்கள். நீதிபதி தாமஸ் கூலி எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு, 29-ஆம் பக்கம் என்று அடிக்குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. கடன் வாங்கியவர்கள் கடனை மறைக்கவில்லை. படிப்பவர்கள்தாம் அடிக்குறிப்பைப் பார்க்காமல் கடந்து போனார்கள்.

இனி, எழுதும் முறைக்கு வருவோம். ஹார்வர்டு மாணவர்கள் 1926-ஆம் ஆண்டு 26 பக்கமே கொண்ட ஒரு சிறு கையேட்டை வெளியிட்டனர். அது இன்று பல நூறு பக்கங்களாக வளர்ந்து, ‘புளூபுக்’ எனப் பெயர் பெற்றுள்ளது. அமெரிக்க முறையில் தொகுதி எண் முதலிலும், பிறகு சஞ்சிகையின் பெயரும் பக்கமும், ஆண்டு கடைசியில் அடைப்புக்குறிக்குள்ளும் வரும். ஆங்கிலேய முறையில் ஆண்டு முன்னே வரும். அங்கே அடைப்புக்குறியின் வடிவத்துக்கும் பொருள் உண்டு. சஞ்சிகைக்குத் தனித் தொகுதி எண் தொடர்ந்து ஓடினால் ஆண்டு வளைந்த அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஆண்டைக் கொண்டே தொகுதியைத் தேட வேண்டியிருந்தால் சதுர அடைப்புக்குறி இட வேண்டும்.

நம் வட்டாரத்திலும் இவ்விரண்டையும் காணலாம். பஷீர் அகமது மல்லால் 1932-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய ‘மலாயன் லா ஜர்னல்’ ஆண்டைக் கொண்டு அறியப்படுவது. ஆகவே அதற்குச் சதுர அடைப்புக்குறி. 1959-இல் முதல் தொகுதி கண்ட ‘மலாயா லா ரிவியூ’வுக்கு வளைந்த அடைப்புக்குறி. மலாயன் லா ஜர்னலின் பழைய தொகுதிகளில் தீர்ப்புகளுக்குச் சாதாரண எண்ணும், கட்டுரைகளுக்கு ரோமானிய எண்ணும் இட்டிருப்பார்கள். ரோமானியப் பன்னிரண்டைச் சாதாரணப் பன்னிரண்டாக எழுதிவிட்டால், தேடிப் போகிறவர் கட்டுரைக்குப் பதிலாக ஏதோ ஒரு தீர்ப்பின் முன் போய் நிற்பார்.

கட்டுரை தொடங்கும் பக்கத்தோடு, நாம் குறிப்பிடும் கருத்து உள்ள பக்கத்தையும் சேர்த்துத் தர வேண்டும். முன்சொன்ன தொடருக்கு 193 என்று மட்டும் எழுதினால் லயத்தைக் காட்டினோம். 195 என்றும் சேர்த்தால்தான் வீட்டைக் காட்டினோம்.

இங்கே என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, ஒரு நூலில் கண்ட மேற்கோளையும் அதன் பக்க எண்ணையும் அப்படியே என் கட்டுரையில் எழுதி வைத்தேன். மூல நூலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விரிவுரையாளர் நூலகத்திலிருந்து அந்நூலைக் கொண்டுவரச் சொன்னார். நான் காட்டிய பக்கத்தில் வேறெதுவோ இருந்தது. எனக்கு முன் எழுதியவரின் தவறு, என் பெயரில் இரண்டாம் முறை அச்சேறவிருந்தது. அன்றுமுதல், கண்ணால் பார்க்காத பக்கத்தைப் பார்த்ததுபோல் நான் எழுதுவதில்லை.

இது பள்ளிக்கூடப் பிழை. நீதிமன்றத்தில் நேர்ந்தால் விளைவு கடுமை. 2023-ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், கணினியின் செயற்கை நுண்ணறிவு புனைந்து கொடுத்த தீர்ப்புகளைச் சரிபாராமல் நீதிமன்றத்தில் சான்று காட்டினர். எண்கள் ஒழுங்காகத்தான் இருந்தன; ஆனால் அந்த முகவரிகளில் வீடே இல்லை. எதிர்த்தரப்பினர் தேடிப் பார்த்ததால் உண்மை வெளிப்பட்டது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

சரியான முகவரியோ நெடுங்காலம் நிலைக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபோது, அந்த 1890-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் எடுத்துக்காட்டினார்கள். ஏறக்குறைய 127 ஆண்டுகள் கழிந்தும் தொகுதி நான்கு, பக்கம் 193 என்ற முகவரி மாறவில்லை.

நேயர்களே, கட்டுரை எழுதும் மாணவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நூலையோ சஞ்சிகையையோ படிக்கும்போதே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், பெரும்பாலும் கிடைப்பதில்லை. சான்றைச் சரியாகக் காட்டுகிறவர், தம்மை நம்பும்படி மட்டும் கேட்பதில்லை. போய்ப் பார்த்துவரவும் வழி சொல்கிறார்.