பட்டவராயன் செருப்பு

ஆடி பிறந்துவிட்டால் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் "காரையாறு போகணும்" என்கிற பேச்சு கிளம்பிவிடும். பாபநாசத்துக்கு மேலே, மலைக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோவிலைத்தான் அப்படிச் சொல்வோம். ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கி, ஆற்றில் குளித்து, பொங்கல் வைத்துத் திரும்புவார்கள்.

போகிற வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அதற்கு மேல் புலிகள் காப்பகம். 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயங்கள் ஆயின. 1988-ல் இரண்டையும் சேர்த்துக் காப்பகமாக்கினார்கள். அங்கே மனுசங்க கதை அதைவிட ரொம்பப் பழசு.

கோவிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. போன வருசம் கட்டிய செருப்பு இந்த வருசம் தேய்ந்திருக்கும் என்பார்கள். ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காடு சுற்றுகிறாராம். இந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணன். சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கச்சியை விரும்பினான். அப்பன் வாலப்பகடை சொன்னபடி குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டு, செருப்புத் தைத்துத்தான் அவர்களைக் கட்டினான். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள்.

நா. வானமாமலை 1971-ல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். ஒரு வடிவத்தில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவன்தான் என்று வரும். சாதியைச் சமாதானப்படுத்தப் பிற்பாடு ஒட்டிய ஒட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் அறுத்த பூணூலுக்கு என்ன அர்த்தம்?

எங்க ஊர்ப்பக்கம் கழுகுமலை வெட்டுவான் கோவில் கல்லில் இருக்கிறது, அரசு பாதுகாக்கிறது. காரையாற்றில் ராஜா உடையில் உட்கார்ந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமானபோது பத்திரிகையெல்லாம் எழுதியது. செருப்புத் தைத்தவன் கதை பாடுகிறவர் வாயில்தான் இருக்கிறது. அதைப் பாடி முடிக்க ராத்திரி வேண்டும். இப்போது காட்டுக்குள் தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். ஆற்றில் துணியும் பிளாஸ்டிக்கும் போட்டது நாமதான், அதை மறுக்க முடியாது. அதற்காக ராத்திரியையே மூட வேண்டுமா? குப்பையைத் தடுக்கட்டும், வில்லுக்கு ஒரு ராத்திரியாவது விடட்டும்.

உங்க ஊரில் யாராவது முத்துப்பட்டன் கதை பாடினால், பெண்களின் பிறப்பு வருகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். எப்படிப் பாடினார், எந்த ஊர்க்காரர், எந்தக் கோவில் கொடை என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.